கூப்பிட்டால்தான் உள்ளே வருவான்

அன்புள்ள ராஜாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் 'ம்' என்று ஒரே ஒரு எழுத்துதான் வருகிறது, அதனால் இந்த முறை கேட்கவில்லை. மெல்போர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்று பாப்பா போனில் பார்த்துச் சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. வெந்நீர் குடி. மத்தியானம் சாப்பிடாமல் ராத்திரிக்குச் சேர்த்துச் சாப்பிடுகிற பழக்கத்தை விடு, உன் அப்பாவுக்கு அல்சர் வந்தது அப்படித்தான்.

இதை நானேதான் போனில் தட்டுகிறேன், மூன்று நாளாக. பாப்பாவிடம் கொடுத்து அடிக்கச் சொல்ல முடியாத கடிதம் இது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் தூக்கம் வராமல் ஒரு படம் பார்த்தேன். 'ஃப்ரைட் நைட்'. உனக்கு நினைவிருக்கும், மறந்திருக்கவே மாட்டாய். பெரிய மாமா வீட்டு மாடியில் டெக் வாடகைக்கு எடுத்த ராத்திரி நான் பார்த்த பேய்ப்படம் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அது 1985 ஆகஸ்டில் அமெரிக்காவில் வந்த படம். எங்களுக்குக் கேசட்டாக வந்து சேர 1988 ஆகிவிட்டது. ரெண்டு தமிழ்ப்படம், ஒரு இந்திப்படம் ஓடி முடிந்து, பாதிப்பேர் பாயிலேயே தூங்கிவிட்ட பிறகு மாமா இதைப் போட்டார். இங்கிலீஷ் ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியாமலே பயந்தோம். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கும்போது வாய் காதுவரைக்கும் கிழிந்து பல்லாக நிற்குமே, அதைப் பார்த்து சின்ன சித்தி போர்வைக்குள் போனவள் விடியும்வரை வெளியே வரவில்லை.

அப்புறம் உன்னோடு பார்த்தது. 2004, உனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட். பாப்பா தூங்கிவிட்டாள். கேபிளில் ஏதோ இங்கிலீஷ் சேனலில் பாதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, 'அம்மா இதுதானே உன் படம்' என்று கேட்டுவிட்டு என் மடியில் தலைவைத்துப் படுத்தாய். நான் உனக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு.

இப்போது பாப்பா தமிழிலேயே எழுத்து வருகிற மாதிரி ஏதோ செய்து டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனாள். முதல் தடவையாக முழுதாகப் புரிந்து பார்த்தேன். முப்பத்தேழு வருஷம் கழித்து.

இந்த முறை நான் பேயைப் பார்க்கவில்லை ராஜா. அந்தப் பையனின் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூடி என்று பெயர். புருஷன் இல்லாத வீடு, வயசுப்பையன் ஒருத்தன், சார்லி. நல்ல பொம்பளை. சிரித்த முகம். பையன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், அதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒருத்தன் குடிவருகிறான், ஜெர்ரி. அவன்தான் ரத்தம் குடிக்கிற காட்டேரி. பார்க்க லட்சணமாக, மரியாதையாகப் பேசுகிறவன். எந்நேரமும் ஆப்பிள் கடித்துக்கொண்டே இருப்பான். அது நடித்தவரே யோசித்துச் சேர்த்ததாம், கிறிஸ் சரண்டன் என்று பெயர், இவன் முன்னோரில் பழந்தின்னி வௌவாலும் கலந்திருக்கும் என்று அவராக ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். பாப்பா படித்துக்காட்டினாள். எனக்கு அதைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. பழம் தின்கிறவனைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

பையன் ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்க்கிறான். சவப்பெட்டியை உள்ளே தூக்கிப்போவதைப் பார்க்கிறான். அந்த வீட்டுக்கு வந்த பெண் செத்துவிட்டதாக நியூஸில் வருகிறது. அம்மாவிடம் சொல்கிறான், தோழியிடம் சொல்கிறான், போலீஸைக் கூட்டிக்கொண்டே போய்விடுகிறான். யாரும் நம்பவில்லை. படம் எடுத்தவர் டாம் ஹாலண்ட், இதுதான் அவர் இயக்கிய முதல் படமாம். புலி வருது புலி வருது என்று சொன்ன பையன் கதை இருக்கிறதே, அதைத்தான் திருப்பிப் போட்டிருக்கிறார். அந்தக் கதையில் பையன் பொய் சொன்னான். இதில் பையன் முதல் தடவையிலிருந்தே உண்மைதான் சொல்கிறான், ஊர்தான் காது கேளாமல் இருக்கிறது.

நம் பக்கத்துக் காட்டேரிக்கு விதி ஒன்றும் கிடையாது, அது நினைத்தால் வரும், படையல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். இங்கிலீஷ்காரன் காட்டேரிக்கு வேறு கணக்கு. வீட்டுக்குச் சொந்தக்காரர் வாயால் 'வாங்க' என்று சொல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. சிநேகிதன் இதைச் சொன்னதும்தான் சார்லிக்கு உயிர் வருகிறது. அறையில் பூண்டும் சிலுவையுமாகத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கீழேயிருந்து அம்மா கூப்பிடுகிறாள், உன்னைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கிறார் என்று. இறங்கிப் போனால் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கிறான். அம்மாதான் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறாள். இனிமேல் நினைத்த நேரத்துக்கு வருவேன், உன் அம்மாதான் அன்பாகக் கூப்பிட்டுவிட்டாளே என்கிற மாதிரி அவன் பையனைப் பார்த்துப் பேசுகிறான். அந்த அம்மா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுந்துபோய் முன் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். மேல் தாழ் போட்டுத்தான் இருந்தது.

சரி, கல்யாண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன். ஆனி பத்தாம் தேதி, மண்டபம் அதேதான், சமையல் நத்தம்காரர். பாப்பாவுக்குக் கூறைப்புடவை எடுத்தாயிற்று, அரக்கு கலர், நீ சொன்ன கலர்தான். மாப்பிள்ளை வீட்டில் நல்ல மாதிரி. உன்னைப் பற்றித்தான் எல்லோரிடமும் பேசுகிறார்கள், பொண்ணோட அண்ணன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாராம் என்று. நீ அனுப்பிய பணத்தில்தான் மாடி எழுந்தது, நீ அனுப்பிய பணத்தில்தான் இந்தக் கல்யாணமும் நடக்கிறது, அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. கடன் இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற முதல் ஆள் நம் வகையறாவில் உன் அப்பாதான், அது உன்னால்.

ஆனால் ஒன்பது வருஷத்தில் ரெண்டே தடவைதான் வந்திருக்கிறாய் நீ. வந்த ரெண்டு தடவையும் பத்து நாள் தங்கவில்லை. அப்பத்தா செத்ததற்கு வரவில்லை, லீவு இல்லை என்றாய். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார், நானும் சேர்ந்து சொன்னேன். பிள்ளைக்கு ஊர் கசந்துபோச்சு, காசு பார்த்ததும் மாறிட்டான் என்று உன் மாமாவிடம் நானே சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தையை எங்கே போய் அள்ளுவது?

அன்றைக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பட்டியலை நோட்டிலிருந்து வாசித்தார். நீ சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய், அவங்க இருக்காங்களா இன்னும் என்று ஒவ்வொருத்தராக விசாரித்தாய். பதினாலாவதோ பதினைந்தாவதோ பெயர். எதிர் வீட்டு சார். அப்பா சொன்னார், 'அவருக்கு வெத்தலை பாக்கு வச்சு நேர்ல போய்க் கூப்பிடணும், நீ வந்ததும் நீயும் வா, உனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தவரு.' நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சிரிப்பை நிறுத்தவில்லை. சிரித்த முகம் சிரித்தபடியே நின்றுவிட்டது, கண் மட்டும் போய்விட்டது. அப்புறம் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். இன்றோடு இருபத்துமூன்று நாள். டிக்கெட் போட்டாயா என்று கேட்டால் பார்க்கிறேன் என்கிறாய். பாப்பாவிடமும் அப்படித்தான்.

காதை மூடிக்கொண்டு போ. அங்கே ராத்திரி ரயிலில் தனியாக வருகிறாயா? கதவை நன்றாகப் பூட்டிக்கொள்.

படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பையன் கடைசியில் ஒரு கிழவரிடம் போகிறான். டிவியில் பேய்ப்படம் போட்டு நடுவில் பேசுகிறவர், பீட்டர் வின்சென்ட். ரெண்டு பழைய பேய்ப்பட நடிகர்களின் பெயரைச் சேர்த்து வைத்த பெயராம் அது. அவருக்கே வேலை போய்விட்டது, பையனை விரட்டிவிடுகிறார். தோழி ஐந்நூறு டாலர் பத்திரம் தருகிறேன் என்றதும் வருகிறார். வந்து என்ன செய்கிறார்? புனிதநீர் என்று சொல்லி வெறும் குழாய்த்தண்ணீரை ஜெர்ரிக்குக் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறார். அவன் குடித்துவிட்டு நிற்கிறான். பார்த்தாயா தம்பி, இவர் நல்ல மனுஷன் என்று பையனிடம் சொல்லிவிட்டு அந்த ஆளிடம் மன்னிப்பும் கேட்கிறார்கள்.

ராஜா, நானும் குழாய்த்தண்ணீர்தான் கொடுத்தேன்.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது, சார் வந்தால் மாடிக்கு ஓடுகிறாய், சட்டை பட்டனைக் கழுத்துவரைக்கும் போட்டுக்கொள்கிறாய், அந்த வெயிலில். ராத்திரி படுக்கையை நனைத்தாய், அந்த வயதில். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் என்ன செய்தேன் தெரியுமா, காபி போட்டுக்கொடுத்துவிட்டு அவரிடமே கேட்டேன். 'பிள்ளை ஏன் சார் உங்களைக் கண்டா பயப்படுறான்?' அவர் சிரித்தார். கணக்கைக் கண்டால் பயம், என்னைக் கண்டு இல்லை என்றார். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. இன்னொரு அரை டம்ளர் காபியும் ஊற்றினேன்.

அந்தக் கிழவருக்காவது அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சிகரெட் பெட்டியின் கண்ணாடியில் பார்க்கிறார், ஜெர்ரியின் உருவம் அதில் விழவில்லை. கை நடுங்கிக் கீழே போட்டு உடைக்கிறார். எனக்குக் கண்ணாடி கிடைக்க இருபத்தோரு வருஷம் ஆயிற்று, உன் முகம் அந்தப் போனில் நின்ற அன்றைக்கு.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன், எழுதாமல் தள்ளிப்போட்டதும் அதனால்தான்.

அந்தப் படம் பார்த்த ராத்திரி நீ என்னிடம் கேட்டாய். 'நாம கூப்பிடலைன்னா அவங்களால உள்ள வரமுடியாதாம்மா?' ஆமாம், கூப்பிட்டால்தான் உள்ளே வருவான் என்றேன். 'யார் கூப்பிடணும்?' வீட்டுக்காரங்க கூப்பிடணும் என்றேன். 'நானும் வீட்டுக்காரன்தானே?' ஆமாடா, நீதான் இந்த வீட்டு ராஜா என்று உன்னைக் கொஞ்சினேன். நீ ரொம்ப நேரம் தூங்கவில்லை. படம் பார்த்த பயம் என்று நினைத்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு சார் வந்தார். நான் பின்கட்டில் இருந்தேன். ரொம்ப நேரம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டு வந்து பார்த்தால், நீ நீல ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி மேல் தாழையும் போட்டுவிட்டு, கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டிருந்தாய். வெளியே அவர் 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு ஜன்னலில் ரெண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போனது மாதிரி இருந்தது. தாத்தா ஆபரேஷனுக்குப் பணம் புரட்டிக்கொடுத்த மனுஷனை வாசலில் நிற்கவைத்துவிட்டானே என்று ஆத்திரம். அறைந்தேன். நீ அழவில்லை. 'கூப்பிடாதம்மா' என்று மட்டும் சொன்னாய், மெதுவாக, அவருக்குக் கேட்காத மாதிரி. நான் தாழைத் திறந்து, உன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, வாங்க சார்னு சொல்லு, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லு என்றேன். நீ என்னைப் பார்த்தாய். சொல்லு என்றேன்.

சொன்னாய். உன் வாயாலேயே சொல்லவைத்தேன் நான்.

அந்தப் படத்து அம்மாகூட அவளேதான் கூப்பிட்டாள், பிள்ளையைக் கூப்பிடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ ஒரு தடவையும் சொல்லவில்லை. நன்றாகப் படித்தாய். பாப்பா பள்ளிக்கூடம் சேர்ந்ததும் அவளையும் சாரிடம் விடலாம் என்றேன், அவளுக்கு நான் சொல்லித்தருகிறேன் என்று ஸ்லேட்டைப் பிடுங்கிக்கொண்டாய். ஒரு நாள்கூட அவளை அந்த வீட்டுப் பக்கம் போகவிடவில்லை. எனக்கு அது தங்கச்சிமேல் பொறாமையாகத் தெரிந்தது, சாருக்கு அவளைப் பிடித்துவிடுமோ என்கிற பொறாமை. பத்து வயதுப் பிள்ளை ஒரு வீட்டைக் காவல் காத்திருக்கிறது. பெற்றவள் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

படத்தில் ஒரு ராத்திரி ஜெர்ரி வீட்டுக்குள் வந்து பையன் கழுத்தைப் பிடிக்கிறான். பையன் கையில் கிடைத்த பென்சிலால் குத்தித்தான் தப்பிக்கிறான். அம்மா அடுத்த அறையில் இருக்கிறாள், சத்தம் கேட்டு எழுந்தாலும் கதவு திறக்கவில்லை. கடைசியில் வெளியே வந்து என்னவென்று கேட்டால் கெட்ட கனவு என்கிறான், நம்பிவிடுகிறாள். அதற்குமேல் பிள்ளைதான் என்ன செய்வான்? கடைசிச் சண்டையில் அந்த அம்மா இல்லவே இல்லை. பையனும் அந்தக் கிழவருமாகப் போய், மறைத்துவைத்த ஜன்னல்களை உடைத்து வெயிலை உள்ளே விட்டு அவனைக் கொல்கிறார்கள்.

இதே படத்தை 2011-ல் புதிதாக எடுத்திருக்கிறார்கள். மறுநாள் அதையும் போடச் சொல்லிப் பார்த்தேன். இதில் அவன் வாசலில் வந்து நிற்கிறான், உங்கள் பையன் என்னைத் தொந்தரவு செய்கிறான் என்று புகார் சொல்கிறான். பையன் உள்ளே விடாதே என்று கெஞ்சுகிறான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் பிள்ளை பக்கம் நிற்கிறாள், உள்ளே கூப்பிடவில்லை. அவன் தோட்டத்தைத் தோண்டி கேஸ் குழாயைப் பிடுங்கி வீட்டையே எரிக்கிறான், வீடே இல்லையென்றால் யாரும் கூப்பிட வேண்டாமே. எரியட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வீடு போனால் போகட்டும். எனக்கும் அன்றைக்கு ஒன்றும் விளங்கியிருக்க வேண்டியதில்லை ராஜா. கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும்.

என்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. நீ சொன்னால் உட்கார்ந்து கேட்பேன், எப்போது சொன்னாலும். சொல்லவே வேண்டாம் என்றால் வேண்டாம். நான் நினைப்பது தப்பாகவே இருந்தாலும், நீ கதவைத் தாழ்போட்டது தப்பில்லை. அறைந்தது தப்பு. திறந்தது தப்பு. உன்னைச் சொல்லவைத்தது தப்பு. மன்னிப்பு கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெற்றிலைத்தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினார். பைபாஸ் பக்கம் கட்டிப் போயிருக்கிறார் இப்போது. நான் வாசலில் நின்றுகொண்டேன். அவருக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது என்றேன். ஏன் என்றார். என் பிள்ளை கூப்பிட வேண்டாம் என்று சொன்னான் என்றேன். 'எப்போ சொன்னான்? போன் பண்ணினானா?' இல்லை, இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் சொன்னான் என்றேன். கத்தினார். பைத்தியமா என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கத்துவதை நிறுத்தினார். தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நோட்டை எடுத்துப் பார்த்தேன், அந்த வரி அடித்திருந்தது, அடித்தது அவர் பேனாதான். என்னிடம் இதுவரை ஒன்றும் பேசவில்லை. அவருக்கு நேரம் கொடு.

அவர் வீட்டுக்கு இப்போதும் சின்னப்பிள்ளைகள் படிக்க வருகிறார்களாம். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று உன்னைக் கேட்காமல் ஓரடி எடுத்துவைக்க மாட்டேன், ஆனால் நான் போய் நிற்கத் தயாராக இருக்கிறேன், யார் முன்னாலும்.

பாப்பாவுக்கு எதுவும் தெரியாது. அண்ணன் வந்தால்தான் தாலி கட்டும்போது பின்னால் நிற்க ஆள் உண்டு என்கிறாள். வரமுடியாது என்றாலும் அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ பொய்க்காரணம் தேட வேண்டாம். வந்தால், வாசலில் நான்தான் நிற்பேன், கடைசி விருந்தாளி போகிறவரைக்கும்.

சாப்பிடு. வெந்நீர் குடி. கதவைப் பூட்டிக்கொள்.

உன் அம்மா

பி.கு: சனிக்கிழமை சின்னாளபட்டி போகிறோம். உனக்கு வேட்டி நாலு முழமா எட்டு முழமா என்று மட்டும் ஒரு வார்த்தை போடு.